காணாமற்போன இளையோரும் காத்திருக்கும் குடும்பங்களும்

தென்சென்னையின் தரமணி, படிக்கவும் வேலை பார்க்கவும் வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் பெருந்தொகையாகத் தங்கும் பகுதியாகும். மத்திய பாலிடெக்னிக்கும் திரைப்படக் கல்லூரியும் அங்கே நெடுங்காலமாக இயங்கி வந்தன. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், அதைத் தொடர்ந்து எழுந்த தகவல்தொழில்நுட்ப வளாகங்களும், 2007இல் வேளச்சேரி வரை நீட்டிக்கப்பட்ட பறக்கும் ரயிலும் சேர்ந்து அப்பகுதியைத் தங்கும் விடுதிகளும் பங்கு அறைகளும் நெருங்கிய இடமாக மாற்றிவிட்டன. இத்தகைய இடத்தில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் காணாமற்போனால், அதை முதலில் உணர்பவர்கள் பெரும்பாலும் பெற்றோராக இருப்பதில்லை. அறைத் தோழரோ விடுதிக் காப்பாளரோ உணர்கிறார். அதுவும், ஊருக்குப் போயிருப்பார் என்று எண்ணி இரண்டொரு நாள் கழிந்த பிறகே. செய்தி எட்டிப் பெற்றோர் பேருந்து ஏறி வந்து சேரும்போது, கண்காணிப்புக் கேமராப் பதிவும், கடைசியாகப் பார்த்தவர் யார் என்ற நினைவும் மங்கத் தொடங்கியிருக்கும்.

காணாமற்போதல் என்பது, ஒருவர் எங்கிருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பவை அவரை அறிந்தவர்களுக்குத் தெரியாமற்போகும் நிலை. குழந்தைகளைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் இந்நிலையை ஓரளவு தெளிவாகக் கையாள்கிறது. காணாமற்போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதியப்பட வேண்டும் என்று 2013 மே மாதம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1098 என்ற உதவி எண்ணும் குழந்தைகள் நலக் குழுக்களும் இருக்கின்றன. பதினெட்டாம் வயது நிறைந்த மறுநாளே இந்த ஏற்பாடு முழுவதும் விலகிக்கொள்கிறது. பத்தொன்பது வயதில் காணாமற்போனவரைத் தேடும் தாய்க்கும் பதினேழு வயதில் காணாமற்போனவரைத் தேடும் தாய்க்கும் துயரில் வேறுபாடு இல்லை. ஆனால் காவல் நிலையத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் விடை வேறு. முதிர்ந்தவர் தம் விருப்பப்படி எங்கும் செல்ல உரிமை உடையவர் என்பதும், காணாமற்போதல் தன்னளவில் குற்றம் ஆகாது என்பதும் சட்டப்படி சரியான கூற்றுகளே. எனினும் அவ்விரு கூற்றுகளும் தேடாமல் இருப்பதற்கான காரணமாக நடைமுறையில் பயன்படும்போது, முதல் சில நாள்கள் வீணாகின்றன.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ‘ஆண் காணவில்லை’, ‘பெண் காணவில்லை’ என்ற தலைப்பில், தண்டனைச் சட்டப் பிரிவு எதுவும் குறிக்காமல் முதல் தகவல் அறிக்கை பதியும் வழக்கம் நெடுநாளாக உண்டு. பல மாநிலங்களில் வெறும் பொதுக் குறிப்பேட்டுப் பதிவோடு நின்றுவிடும் நிலையில், இவ்வழக்கம் பாராட்டத் தக்கது. பின்னாளில் வங்கிக்கும் காப்பீட்டுக் கழகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லும் குடும்பத்தின் கையில் இருக்கும் முதல் ஆவணம் இதுவே. இதற்கு முந்திய படியாக, சி.எஸ்.ஆர். எனப்படும் சமுதாயப் பணிப் பதிவேட்டு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கமும் உண்டு. புகார் பெறப்பட்டது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது சான்று. விசாரணை தொடங்கியது என்பதற்கு அன்று. வெளியூர்க் குடும்பங்களுக்கு எல்லைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இளைஞர் தங்கியிருந்தது ஜே-13 தரமணி காவல் நிலைய எல்லையில், வேலை பார்த்தது வேறொரு நிலையத்தின் எல்லையில், பெற்றோர் வாழ்வது தெற்கே ஒரு சிற்றூரில் என்றால், மூன்று இடங்களிலும் ‘அங்கே கொடுங்கள்’ என்ற விடை கிடைக்க வாய்ப்புண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையமும் தகவலைப் பெற்றுப் பதிய வேண்டும் என்கிறது. ஆனால் அப்பிரிவு பேசுவது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களைப் பற்றி. குற்றம் என்று தொடக்கத்தில் சொல்ல முடியாத காணாமற்போதலுக்கு அதன் பயன் நேரடியாக வந்து சேர்வதில்லை. தேடலின் படிமுறைகளை வகுத்த 2002ஆம் ஆண்டின் ஹோரி லால் தீர்ப்பும் சிறுமிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதே. முதிர்ந்த இளையோருக்கென்று தனியாக ஒரு தேடல் விதிமுறை வேண்டும் என்பது இவற்றிலிருந்தே தெளிவாகிறது.

அவ்விதிமுறை வகுக்கப்படும்போது ஓர் எச்சரிக்கை உடன் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘பெண் காணவில்லை’ என்று பதியப்படும் புகார்கள் எல்லாம் உண்மையில் காணாமற்போனவர்களைப் பற்றியவை அல்ல. சாதியோ மதமோ கடந்து மணம் புரிந்து வெளியேறிய மகளைத் திரும்பக் கொணர்வதற்கான கருவியாகவும் அப்புகார் பயன்படுகிறது. உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதக் காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனு, இதே நோக்கத்துக்கு ஆளாவதும் உண்டு. முதிர்ந்த பெண்ணின் விருப்பமே முடிவானது என்று 2018இல் சக்தி வாகினி, ஷஃபின் ஜஹான் ஆகிய இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. எனவே தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட முதிர்ந்தவரிடம், தம் இருப்பிடத்தைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கச் சம்மதமா என்று தனியே கேட்டறிவது காவல்துறையின் கடமை. சம்மதம் இல்லையெனில் ‘நலமாக இருக்கிறார்’ என்ற ஒரு செய்தியை மட்டும் குடும்பத்துக்குச் சேர்க்கலாம். பிரிட்டனில் காணாமற்போனோருக்கான தொண்டு நிறுவனங்கள் இவ்வாறே செய்கின்றன. பிரிந்தவரின் உரிமையும் கெடாமல், காத்திருப்பவரின் தவிப்பும் பெருமளவு தணியும் வழி இது.

தம் விருப்பத்தால் வெளியேறாதவர்களில், மனநோயால் வீட்டை விட்டுப் போனவர்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது. கடும் மனநோய்கள் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகின்றன. படிப்புக்காகவோ வேலைக்காகவோ குடும்பத்தை விட்டு விலகி வாழும் வயதும் அதுவே. மொழி தெரியாத மாநிலத்தின் ரயில் நிலையத்தில் பெயர் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு வீடும் அந்த வீட்டில் ஒரு தாயும் இருக்கக்கூடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, இவ்வாறு அலைந்து திரிபவர் கண்டறியப்பட்டால் அவரைப் பற்றிக் காணாமற்போனவர் என்ற முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடித் தெரிவிக்கும் கடமையை நிலைய அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. குடும்பம் ஒருபுறமிருந்து தேட, காவல் நிலையம் மறுபுறமிருந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்ற அரிய ஏற்பாடு இது. பரவலாக அறியப்படாததாலேயே பயன்படாமல் கிடக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்குச் சிகிச்சை அளித்து, சிதறிய சொற்களிலிருந்து ஊர்ப் பெயரைக் கண்டறிந்து, குடும்பங்களோடு சேர்த்துவைக்கும் பணியை முப்பதாண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறது. மகாராஷ்டிரத்தில் மருத்துவர் பரத் வாத்வானி நடத்தும் சிரத்தா அமைப்பும் இதே பணியைச் செய்கிறது. 2018இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. சென்னை மாநகரக் காவல்துறை 2021இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ திட்டமும் ஆதரவற்றோரை மீட்டு உறவினரிடம் ஒப்படைக்கிறது. இவற்றால் வீடு திரும்பியவர்களில், குடும்பம் நம்பிக்கை இழந்து பல ஆண்டுகள் ஆனபின் திரும்பியவர்களும் உண்டு. ‘இனி வரமாட்டான்’ என்று தாயிடம் உறுதியாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

மறுபுறம், இறந்தும் அடையாளம் காணப்படாமற்போனவர்கள் இருக்கிறார்கள். ரயில் பாதையோரத்திலும் கடற்கரையிலும் கண்டெடுக்கப்படும் பெயர் தெரியாத உடல்கள் பற்றி விசாரித்துச் சில நாள்கள் பிணவறையில் வைத்திருந்து அடக்கம் செய்கின்றனர். உடல் ஒரு காவல் நிலையத்தின் பதிவிலும், தேடப்படும் பெயர் இன்னொரு நிலையத்தின் பதிவிலும் இருந்தால், இரண்டையும் பொருத்திப் பார்க்க முறையான வழி வேண்டும். காணாமற்போனோரின் உறவினர்களிடமிருந்து பெறும் மரபணு மாதிரிகளையும் அடையாளம் தெரியாத உடல்களின் மாதிரிகளையும் ஒப்பிடும் தொகுப்பை உருவாக்குவதாகச் சொன்ன மரபணுத் தொழில்நுட்ப மசோதா, 2019இல் மக்களவையில் அறிமுகமாகி, 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. குற்றவாளிகளின் மரபணுவையும் சேர்த்துத் திரட்ட முயன்றதால் தனியுரிமை குறித்த எதிர்ப்பு எழுந்தது நியாயமே. ஆனால் அந்த எதிர்ப்பில் காணாமற்போனோருக்கான பகுதியும் சேர்ந்து மறைந்துபோனது பெரிய இழப்பு. அப்பகுதியை மட்டும் பிரித்து, உறவினரின் சம்மதத்தின் பேரில் இயங்கும் தனிச் சட்டமாக ஆக்குவதற்குத் தடை ஏதுமில்லை.

விடை கிடைப்பது குடும்பங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத் தாம்பரத்திலிருந்து புறப்பட்ட ஏ.என்.-32 விமானத்தின் கதை காட்டுகிறது. 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய அந்த விமானப்படை விமானம் வங்கக் கடலுக்கு மேலே மறைந்தது. பல வாரங்கள் நடந்த தேடல் பயன் தராமல் கைவிடப்பட்டு, அதிலிருந்தோர் அனைவரும் இறந்ததாகக் கருதப்பட்டனர். தரமணிக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதே வகை விமானத்தின் சிதைவுகள் இருப்பதாக 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அதுவரை ஏழரை ஆண்டுகள், படையின் கடிதம் ஒன்றைச் சொல்ல, மனம் வேறொன்றைச் சொல்ல, அக்குடும்பங்கள் வாழ்ந்தன.

விடுதியிலிருந்து மறைந்த மாணவனுக்காகக் குடும்பம் காத்திருந்த வரலாறுகளில் மிகத் துலக்கமானது ராஜனுடையது. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவரான அவர், நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று காவல்துறையால் பிடித்துச் செல்லப்பட்டுக் கக்கயம் முகாமில் வைக்கப்பட்டார். இந்திப் பேராசிரியரான அவருடைய தந்தை ஈச்சர வாரியர், அமைச்சர்கள், அதிகாரிகள், சிறைச்சாலைகள் என்று ஓராண்டு அலைந்தும் விடை கிடைக்காமல், நெருக்கடிநிலை விலகியபின் 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று அரசு முதலில் சொன்னது. பிடித்தது உண்மையே என்று நீதிமன்றம் கண்டது. பின்னர், காவலிலேயே இறந்துவிட்டார் என்று அரசு ஒப்புக்கொண்டது. முதலமைச்சராகப் பொறுப்பேற்று ஒரு மாதமே ஆகியிருந்த கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி விலகினார். ஆனால் உடல் கிடைக்கவில்லை. மகன் மறைவால் மனம் குலைந்த தாய், அவன் வருவான் என்று எதிர்பார்த்தபடியே 2000ஆம் ஆண்டில் இறந்தார். தந்தை 2006இல் இறந்தார். நீதிமன்றம் தந்த வெற்றியும் முதலமைச்சரின் பதவி விலகலும்கூட ஒரு பிடிச் சாம்பலுக்கு ஈடாகவில்லை. மகனை எதிர்பார்த்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து போகும் முதிய தந்தையை மையமாகக் கொண்டு ஷாஜி என். கருண் இயக்கிய ‘பிறவி’ திரைப்படம் இந்நிகழ்வின் நிழலில் உருவானது. 1989இல் கான் திரைப்பட விழாவில் அதற்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. நாற்பதாண்டுகளுக்குப் பின் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக விடுதியிலிருந்து 2016 அக்டோபர் 15 அன்று மறைந்த மாணவர் நஜீப் அகமதுக்கு நீதிமன்றத்தால்கூட அந்த அளவு விடை கிடைக்கவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை 2018இல் தாக்கல் செய்த முடிவறிக்கையை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய குடும்பங்களின் மனநிலையை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு விளக்கினார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது அவர் இக்கருத்தை உருவாக்கினார். உடலால் இல்லாதவர் உள்ளத்தில் முழுமையாக இருக்கும் நிலை அது. சாவுக்குரிய ஈமச் சடங்கும் துக்கம் கேட்டலும் பதினாறாம் நாளும் இதற்கு இல்லை. இந்த இழப்புக்குத் தீர்வு காண முடியாது என்பதையும், குடும்பத்தினர் நோயாளிகள் அல்லர், நிலைமைதான் இயல்பற்றது என்பதையும் அவர் வலியுறுத்தினார். ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரு எண்ணங்களையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு அன்றாட வாழ்வை நடத்தக் கற்பதே இயலக்கூடியது என்பது அவர் கண்ட முடிவு. சுற்றத்தார் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கின்றனர். சிலர் ‘மறந்துவிட்டு மற்ற பிள்ளைகளைப் பாருங்கள்’ என்கின்றனர். சிலர் மை போட்டுப் பார்க்கவும் குறி கேட்கவும் அழைத்துச் சென்று, வடக்கே உயிரோடு இருக்கிறான் என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்க வைக்கின்றனர். சுவரொட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து, பையன் எங்களிடம் இருக்கிறான் என்று பணம் பறிக்கும் அழைப்புகளும் வருகின்றன.

சட்டமும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவே வற்புறுத்துகிறது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தி இயல்பாக அறியக்கூடியவர்களுக்குக் கிடைக்காவிட்டால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு; 2023இல் அச்சட்டம் பாரதிய சாட்சிய அதினியம் என்று மாறியபோது 111ஆம் பிரிவாயிற்று, ஏழு ஆண்டு அப்படியே நின்றது. அந்த ஏழு ஆண்டுகளுக்குள் காணாமற்போனவர் சட்டத்தின் கண்ணுக்கு உயிரோடு இருப்பவர். அவருடைய வங்கிக் கணக்கில் பெற்றோர் கைவைக்க முடியாது. அவர் பேரில் வாங்கிய கல்விக் கடனுக்கோ பெற்றோரிடம் தவணை கேட்கப்படும். ஏழு ஆண்டு கழிந்தாலும் எதுவும் தானாக நடந்துவிடாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இறந்தவராகக் கருதும் தீர்ப்பைப் பெற்ற பிறகே இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆயுள் காப்பீட்டில் கொடுமை இன்னும் கூடுதல். எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், இறந்தார் என்று அனுமானிக்கலாமே தவிர இந்த நாளில் இறந்தார் என்று அனுமானிக்க இயலாது என்று கூறியது. அதன்படி, பாலிசி காலாவதியாகாமல் இருக்க வேண்டுமானால் மகன் காணாமற்போன பிறகும் அவன் பேரில் தவணைத் தொகையைக் குடும்பம் ஆண்டுதோறும் கட்டி வர வேண்டும். கடைசியில் இறப்புச் சான்றிதழ் கேட்டு மனுவில் கையெழுத்திடும் தாய், தன் மகனைத் தானே கொல்வதாக உணர்வதில் வியப்பில்லை.

இந்த ஏழு ஆண்டைத் தளர்த்த முடியாது என்பதில்லை. காணாமற்போன மத்திய அரசு ஊழியரின் குடும்பத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதிந்த ஆறு மாதத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் வழங்க விதி இடம் தருகிறது. சிறு தொகைகளுக்கு நீதிமன்றத் தீர்ப்பை வற்புறுத்தாமல், முதல் தகவல் அறிக்கையையும் கண்டறிய இயலவில்லை என்ற காவல்துறைச் சான்றையும் உறுதிப் பத்திரத்தையும் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்க்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2008இல் வங்கிகளுக்கு வழிகாட்டியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் கடலில் மறைந்தபோதும் ஏழு ஆண்டு காக்காமல் நிவாரணம் தர வழி செய்யப்பட்டது. ஊரே சேர்ந்து இழந்தபோது அரசு இரங்கியது. தனியொரு வீட்டில் ஒருவர் மறைந்தபோது அந்த இரக்கம் எட்டுவதில்லை.

உயிருக்கும் சாவுக்கும் இடையே மூன்றாவது நிலையொன்றைச் சட்டம் ஏற்ற நாடுகள் உள்ளன. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி, காணாமலாக்கப்பட்டோரை இறந்தோராக அறிவித்துக் கணக்கை முடிக்க 1979இல் சட்டம் செய்தது. 1977 முதல் மே சதுக்கத்தில் வாரந்தோறும் நடந்த அன்னையர் அதை ஏற்கவில்லை. 1994இல் மக்களாட்சி அரசு, இறந்தவர் என்று சொல்லாமலே உரிமைகளை வழங்கும் ‘இல்லாமை’ என்ற சட்டநிலையை உருவாக்கியது. பிரிட்டனில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், காணாமற்போய்த் தொண்ணூறு நாள் ஆனவரின் சொத்தைக் காக்க ஒரு பாதுகாவலரை நீதிமன்றம் நியமிக்க இடம் தருகிறது. தமிழருக்கு அண்மையில் இருப்பது இலங்கை. அங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள் காணாமற்போனோர் அலுவலகத்தையும் ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ என்ற ஆவணத்தையும் ஏற்படுத்தின. மரணச் சான்றிதழை ஏற்காமலே சொத்தை நிருவகிக்கவும் அரசு உதவி பெறவும் அச்சான்றிதழ் வழி செய்கிறது. ஆனால் இலங்கையில் பெரும்பாலோர் தாமாகக் காணாமற்போனவர்கள் அல்லர், வலிந்து காணாமலாக்கப்பட்டவர்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார், சான்றிதழையும் 2022இல் அறிவிக்கப்பட்ட ஒரு லட்ச ரூபாயையும் உண்மைக்கு விலையாக ஏற்க மறுத்தனர். அவர்கள் மறுத்தது சரியே. விசாரணை நின்றுபோகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் எந்தச் சான்றிதழும் கோப்பை மூடும் தந்திரமாகவே தோன்றும். தமிழ்நாட்டில் அத்தகைய ஏற்பாடு வருமானால், சான்றிதழ் வழங்கியதால் தேடல் முடிவுறாது என்று அதன் முதல் வரியிலேயே எழுதப்பட வேண்டும்.

நினைவுகூர்தலும் இந்த இரட்டை நிலையில் சிக்குகிறது. நாளிதழில் வரும் ‘காணவில்லை’ அறிவிப்பு, மாநிறம், உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, காணாமற்போன அன்று நீலக் கட்டம் போட்ட சட்டை என்று ஒருவரை ஒரு நாளில் நிறுத்திவைக்கிறது. சட்டை கிழிந்து முகம் மாறிய பின்னும் குடும்பம் அதே அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீட்டில் படத்துக்கு மாலை போடுவதா கூடாதா என்பதில் தாயும் தந்தையும் வேறுபடுவர். தங்கை திருமணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் போடுவதா என்பதில் உறவே பிளவுபடும். தரும சாத்திரங்கள் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையாலோ பலாச இலைகளாலோ உருவம் செய்து எரியூட்டச் சொன்னதும், கணவன் காணாமற்போய் நான்கு ஆண்டான முஸ்லிம் பெண் மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும், இந்தத் தவிப்பு பழமையானது என்பதையும், காலக்கெடு எதுவும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் காட்டுகின்றன. சடங்கு செய்ய விரும்பும் குடும்பத்தைத் தடுப்பதும் விரும்பாத குடும்பத்தை நெருக்குவதும் ஒரே அளவு தவறு. பிறந்தநாளில் ஒரு மாணவருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதும், நண்பர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து அவரைப் பற்றிப் பேசிவிட்டுப் போவதும் சாவை அறிவிப்பதில்லை, வருகையை வாக்களிப்பதுமில்லை; அத்தகைய நினைவே குடும்பத்தைக் காயப்படுத்தாதது.

ஆதரவு என்பது எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இலங்கையில் நடத்திய துணைநிற்றல் திட்டம் நல்ல மாதிரி. காணாமற்போனோரின் குடும்பங்களை ஊர் வாரியாகக் கூட்டி, அவர்களிலிருந்தே பயிற்சி பெற்றவர்களைத் துணையாக வைத்து, சட்டம், வருமானம், உடல்நலம் ஆகியவற்றைச் சேர்த்துக் கவனித்தது அத்திட்டம். அக்குழுவிடம் 1990 முதல் 16,000க்கும் மேற்பட்ட தேடல் கோரிக்கைகள் பதிவாகியிருந்தன. சென்னையில் இதற்கு வேண்டிய உறுப்புகள் தனித்தனியே உள்ளன. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை தரமணியிலேயே இருக்கிறது. அதன் மனநலப் பிரிவை நடத்திய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சிநேகா, நம்பிக்கை இழந்தவர்களின் பேச்சைக் கேட்கிறது. அரசின் 104, 14416 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்குரைஞரைத் தருகிறது. காணாமற்போன இளையோரின் பெற்றோரை ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்தும் ஒரு மாதக் கூட்டம் மட்டும் இல்லை. அதைத் தொடங்கப் பெருஞ்செலவு ஆகாது; ஒரு கூடமும் ஒரு சமூகப்பணியாளரும் போதும்.

சாட்சியச் சட்டமும் பிறப்பு, இறப்புப் பதிவும் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. ஆகவே தமிழ்நாடு சட்டமன்றம் விரும்பினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, காணாமற்போனவருக்கு உயிரும் சாவும் அல்லாத தனிச் சட்டநிலை தரும் சட்டத்தை இயற்ற முடியும். அதற்கு முன்பே, முதல் தகவல் அறிக்கை பதிந்து ஆறு மாதமானவர்களுக்கு வட்டாட்சியர் வழங்கும் இடைக்காலச் சான்று, கல்விக் கடன் தவணையை நிறுத்திவைத்தல், காவல் நிலையத்தில் ஒரு குறிப்பிட்ட அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தைத் தாமே அழைத்து நிலைமையைத் தெரிவித்தல் ஆகியவற்றில், சான்றையும் அழைப்பையும் மாநில அரசு தன் ஆணைகளின் மூலமே தொடங்கலாம். கடன் தவணைக்கு வங்கிகளை மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் வழியே இசைவிக்கலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்ன தொலைபேசி அழைப்புக்கு ஆணைகூடத் தேவையில்லை. தரமணி காவல் நிலையத்திலிருந்து நாளைக்கே தொடங்கலாம்.